முகத்துவாரம் அடைத்தால் கொடுவா எங்கே போய் முட்டையிடும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முட்டுக்காடு முகத்துவாரத்தில் மணல் அடைத்துக் கிடப்பது பற்றிய செய்தியை உங்கள் நாளிதழில் படித்தேன். மழைநீர் வடிய வழி வேண்டும், படகு போய்வர வழி வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டும் சரி. கொடுவா மீனுக்கும் அதே வழிதான் வேண்டும். அதை யாரும் சொல்லவில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

என் அப்பா இந்த உப்பங்கழியில் வீச்சு வலை போட்டவர். நான் ஆறு வருடம் ஒரு தனியார் பொரிப்பகத்தில் கொடுவாக் குஞ்சு பார்க்கும் வேலை செய்தேன். நாட்டிலேயே முதன்முறையாகக் கொடுவாவைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது 1997-இல், இதே முட்டுக்காட்டில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையத்தில்தான். எங்கள் ஊருக்கு அது பெருமை.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, இருட்டிய பிறகு தாய் மீன்கள் முட்டையிடும். முட்டை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கண்ணாடி மாதிரித் தெளிவாக, உள்ளே ஒரே ஒரு எண்ணெய்ச் சொட்டுடன் மேலே மிதக்கும். கெட்டது வெளுத்து அடியில் தங்கிவிடும். கருவுற்று அரை மணி நேரத்துக்குச் சற்று மேலானதும் கரு இரண்டாகப் பிரிவது மைக்ரோஸ்கோப்பில் தெரியும். அப்புறம் இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் நான்கு, எட்டு என்று போகும்; மூன்று மணி நேரத்தில் எண்ணவே முடியாது. பதினைந்து மணி நேரம்போல இதயம் துடிக்கத் தொடங்கும். முதன்முதலாக அதைப் பார்த்த அன்று மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போக எனக்கு மனம் வரவில்லை. பதினேழு, பதினெட்டு மணி நேரத்தில் குஞ்சு வெளியே வந்துவிடும்.

வரும்போது அதன் நீளம் ஒன்றரை மில்லிமீட்டர். வாய் திறந்திருக்காது, கண்ணில் கருமை ஏறியிருக்காது. வயிற்றில் கட்டிக்கொண்டு வந்த மஞ்சள் கருதான் அதற்குக் கட்டுச்சோறு. இரண்டு நாளில் அது ஏறக்குறையத் தீர்ந்துபோகும். மூன்றாம் நாள் வாய் திறக்கும்போது, அந்த வாய்க்குள் நுழையும் அளவுக்குப் பொடியான உயிர் இரை பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். பொரிப்பகத்தில் அதற்காகவே பச்சைப் பாசியும், ரோட்டிஃபர் என்கிற நுண்ணிய நீர்வாழ் உயிரியும் தனித் தொட்டிகளில் வளர்ப்போம். ஒருமுறை ரோட்டிஃபர் தொட்டி ராத்திரியோடு ராத்திரியாகக் கெட்டுவிட்டது. ஐந்தாம் நாள் காலையில், அடியில் வெள்ளையாகப் படிந்து கிடந்த குஞ்சுகளைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தேன். அன்று நாங்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை.

பிழைத்ததிலும் பெரியது சிறியதைத் தின்னும். அளவு பார்த்துப் பிரித்துப் பிரித்து விட்டால்தான், நெற்றியில் வெள்ளைக் கோடு ஓடும் விரல்கடைக் குஞ்சாக மிச்சம் வரும். அந்தக் கோட்டை அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். வலையில் அப்படி ஒரு குஞ்சு வந்தால் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்.

தொட்டியில் நாங்கள் ராப்பகலாகச் செய்ததைக் கடல் தானாகச் செய்கிறது. ஆனால் தாய் மீன் கடலுக்குப் போய்ச் சேர வேண்டுமே! கொடுவா கழியில் வளரும்; முட்டையிட முகத்துவாரத்தைத் தாண்டி உப்புத் தண்ணீருக்குப் போகும். உப்பு குறைந்த தண்ணீரில் அந்த முட்டை மிதக்காது, அடியில் தங்கிக் கெட்டுவிடும். பொரிந்து வளர்ந்த குஞ்சுகள் இரைக்கும் ஒதுங்கவும் மறுபடி கழிக்குள் வரும். போவதற்கும் வருவதற்கும் ஒரே வாசல்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில வருடம் கழித்து எடை கூடிய பிறகே பெண்ணாக மாறும். அடைபட்ட கழியில் வலை வீசும்போது நாம் பிடிக்கும் பெரிய மீன்கள் பெரும்பாலும் முட்டையிடப் போக வழியில்லாமல் நிற்கும் தாய்கள்.

வெள்ளம் ஊருக்குள் வந்துவிடும் என்ற பயம் வந்த பிறகுதான் இங்கே மணல் திட்டை வெட்டிவிடுகிறார்கள். மழை ஓய்ந்ததும் பழையபடி மூடிக்கொள்கிறது. வாய்க்கால் ஆழமில்லாமல் போனால் கோடையில் மாதக்கணக்கில் கடல் தண்ணீர் உள்ளே ஏறுவதில்லை. வெட்டும் நாளை மழையை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், மீனையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதை முடிவு செய்யும் கூட்டத்துக்குக் கழியில் வலை போடும் இரண்டு பேரையாவது கூப்பிடுங்கள். எந்த அமாவாசைக்குக் கொடுவா முகத்துவாரத்தைப் பார்த்துத் திரும்பும் என்பதை அவர்கள் சொல்வார்கள்.

க.மு.,
கோவளம், செங்கல்பட்டு மாவட்டம்.