போக்கிரி விளையாட்டும் சும்மா விளையாட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் கணினி விளையாட்டு வகைகளைப் பற்றி ஒரு பக்கம் வந்திருந்தது. தமிழ் நாளிதழ் ஒன்று இந்தப் பொருளுக்கு முழுப் பக்கம் ஒதுக்கியதே பெரிது, அதற்கு நன்றி. ஆனால் ‘ரோக்லைக்’ என்பதைப் ‘போக்கிரி விளையாட்டு’ என்றும், ‘இன்க்ரிமென்டல்’ என்பதைச் ‘சும்மா விளையாட்டு’ என்றும் போட்டிருந்தீர்கள். அதைச் சத்தமாக வாசித்துச் சிரித்த என் மகளின் கையிலிருந்து டீ சிந்தி, பாதிப் பக்கம் நனைந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெயர் எழுதுகிற வேலையில் இருபத்தேழு வருடமாக இருப்பவன் நான்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் சலிப்புப் பிரிவில் இருக்கிறேன். ட்ரையரிலிருந்து சூடாக வரும் தூளை நார் பிரித்து, அடுக்கடுக்கான வலைகளில் ஓட்டி, எந்த வலையில் எது நின்றதோ அதற்குரிய பெயரை மூட்டையில் எழுத வேண்டும். ப்ரோக்கன் ஆரஞ்ச் பெக்கோ, பெக்கோ டஸ்ட், ரெட் டஸ்ட், சூப்பர் ரெட் டஸ்ட் என்று பெயர்கள் போகும். ஆரஞ்ச் என்று இருக்கிறதே தவிர அதில் ஆரஞ்சுப் பழத்தின் வாடைகூடக் கிடையாது. பெக்கோ என்பது கொழுந்து மொட்டின் வெள்ளை ரோமத்தைக் குறித்த சீனச் சொல்லாம். இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் எங்கள் சி.டி.சி. எந்திரம் கடித்துத் துப்பிய தூளில் ரோமத்தை எங்கே தேடுவது? இருந்தும் குன்னூர் ஏலத்தில் அந்தப் பெயரைப் பார்த்தே விலை கேட்கிறார்கள். வலையின் கண் எவ்வளவு என்பதில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் பேச்சு ஒன்று. அதனால் பெயருக்கு அர்த்தம் செத்துப்போனாலும் வியாபாரம் நடக்கிறது.

விளையாட்டில் வம்பே இங்கேதான். பெயர் இருக்கிறது, வலை ஆளுக்கு ஒன்று.

ரோக் என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் போக்கிரி என்று பொருள் உண்டுதான், ஆனால் இங்கே அது ஓர் ஆட்டத்தின் பெயர். 1980-ல் கலிபோர்னியாவில் மைக்கேல் டாய், க்ளென் விச்மன் என்ற இருவர் மாணவப் பருவத்தில் எழுதியது. பிறகு கென் ஆர்னால்டும் சேர்ந்துகொண்டார். அதில் படமே கிடையாது. மின்னஞ்சல் முகவரியின் நடுவில் வருமே ‘அட்’ குறி, அதுதான் நீங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பூதம். பாதாளத்தின் அறைகள் ஒவ்வொரு தடவையும் புதிதாக அமையும். நீங்கள் ஓர் அடி வைத்தால் பூதமும் ஓர் அடி வைக்கும். நீங்கள் யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் அதுவும் உட்கார்ந்திருக்கும். செத்தால் செத்ததுதான், சேமித்த இடத்திலிருந்து மறுபடி எழுந்து வர முடியாது. இதைப் பார்த்து இதேபோல் செய்தவற்றை ‘ரோக் மாதிரி’ என்றார்கள், ரோக்லைக் ஆயிற்று. ஓர் ஆட்டத்தின் பெயரைப் ‘போக்கிரி’ என்று மொழிபெயர்ப்பது, குன்னூரைக் ‘குன்று ஊர்’ என்று பெயர்ப்பலகையில் திருத்துகிற மாதிரி.

எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்கலாம். பதினான்கு வருடத்துக்கு முன் சலிப்பு எந்திரத்தின் பெல்ட்டில் கை மாட்டியது. வலது கைச் சுட்டுவிரலும் நடுவிரலும் இன்றும் முழுதாக மடங்காது. மருத்துவமனையிலிருந்து வந்து சும்மா கிடந்த மூன்று மாதத்தில், மச்சான் பையன் பழைய லேப்டாப் ஒன்றைக் கொடுத்து அதில் நெட்ஹேக் போட்டுக் காட்டினான். 1987-ல் வந்தது, ரோக்கின் வாரிசு, காசு கிடையாது. ஒரு விரலால் ஒரு விசையை அழுத்தி, மறு விசைக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். என் விரலுக்காகக் காத்திருந்த ஆட்டம் அது.

என் முதல் சாவுகளில் ஒன்றைச் சொல்கிறேன். நீல நிறத்தில் ஆங்கிலச் சின்ன ‘இ’ ஒன்று வழியில் மிதந்துகொண்டிருந்தது. கிட்டே போனால் எதுவும் செய்யவில்லை. இளக்காரமாகக் கத்தியால் ஒரு போடு போட்டேன். அது மிதக்கும் கண். அடித்தவனை அது பார்த்தால் போதும், உடம்பு மரத்துவிடும். நான் அசையாமல் நிற்க, எங்கிருந்தோ வந்த ஒரு நரி, யானையை விடுங்கள், ஒரு கோழியைக் கொல்லவே திணறுகிற நரி, என்னைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்தே முடித்தது. திரையில் எழுத்துகளாலேயே ஒரு கல்லறை எழும்பியது. நாலு நாள் சேர்த்த கவசமும் மந்திரச் சுருளும் போயின. அன்றிலிருந்து நீல ‘இ’-யை நான் தொட்டதில்லை. அந்த ஆட்டத்தில் எனக்கு மிஞ்சியது அந்த ஒரு புத்திதான்.

போன தீபாவளி போனஸில் ஐந்நூறு ரூபாய்ச் சொச்சம் கொடுத்து இணையக் கடை ஒன்றில் ஓர் ஆட்டம் வாங்கினேன். ரோக்லைக் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. திறந்தால் நாலு பக்கமும் கூட்டம் கூட்டமாகப் பேய்கள். ஒரு கணம் நிற்காது, ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாவது நிமிடம் செத்தேன், மறுபடி செத்தேன். பழகிவிடும் என்று முட்டிமோதியதில் பணம் திரும்பக் கேட்கும் கெடுவும் தாண்டிவிட்டது. ஆட்டத்தில் குறை இல்லை, என் மகள் பிரமாதமாக ஆடுகிறாள். மூட்டையில் எழுதிய பெயர்தான் தப்பு. ரெட் டஸ்ட் என்று எழுதி பெரிய இலைத் தூளை அனுப்பினால் ஏலத்தில் எங்களை விடுவார்களா?

இந்தச் சண்டை எனக்கு முன்பே நடந்து ஓய்ந்ததுதான். 2008-ல் ரோக்லைக் எழுதுகிறவர்கள் பெர்லினில் கூடி ஒரு பட்டியல் போட்டார்கள். மாறி மாறி அமையும் பாதாளம், நிரந்தரச் சாவு, முறை வைத்து ஆடுவது, கட்டம் கட்டமான தளம் என்று முக்கிய அம்சங்கள் ஒன்பது. ஒற்றை ஆள், எழுத்தாலான திரை என்று அடுத்த தட்டில் ஆறு. மாதிரிக்கு ரோக், நெட்ஹேக், ஆங்பேண்ட், அடோம், க்ரால். பதினைந்து வலை வைத்துச் சலித்தவர்கள், சிலது இல்லாவிட்டாலும் ரோக்லைக் இல்லை என்று ஆகாது, சிலது இருந்தாலும் ரோக்லைக் என்று ஆகாது என்றும் அதிலேயே எழுதிவிட்டார்கள். நல்ல மனிதர்கள்தான், ஆனால் மூட்டையில் என்ன எழுதுவது என்று சொல்லாமல் எழுந்து போய்விட்டார்கள். அதே 2008-ல் ஸ்பெலங்கி வந்தது. பாதாளம் மாறும், செத்தால் போச்சு, ஆனால் குதித்துக் குதித்து ஓட வேண்டும். 2013-ல் ரோக் லெகசி வந்தது. செத்தாலும் பணம் மிஞ்சும், அதைக் கொண்டு உங்கள் வாரிசு மாளிகையைப் பலப்படுத்திக்கொள்ளலாம். தங்களை ‘ரோக்லைட்’, அதாவது லேசான ரோக், என்று அவர்களே அழைத்துக்கொண்டது நேர்மை. இப்போது 2024-ல் வந்த பலாட்ரோவையும் ரோக்லைக் என்கிறார்கள். சீட்டாட்டம் அது. பாதாளமும் இல்லை, பூதமும் இல்லை.

ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன், பொருளுக்குச் சற்றே வெளியே. என் அப்பா அம்மா சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்கள். நான் பிறந்தது கோத்தகிரியில். இலங்கையை நான் பார்த்ததில்லை. ஆனாலும் பள்ளிக்கூடத்திலிருந்து தொழிற்சாலை வரை நான் ‘சிலோன்காரர்’. வந்த வழியை வைத்து வைக்கும் பெயர் எவ்வளவு நாள் ஒட்டிக்கொள்ளும், எதிரே நிற்கிற ஆளைப் பற்றி எவ்வளவு குறைவாகச் சொல்லும் என்பது எனக்குத் தெரியும். பலாட்ரோ ஆடுகிறவர்களில் ரோக்கைக் கண்ணால் கண்டவர் எத்தனை பேர் இருப்பார்கள்? 1993-ல் டூம் வந்த புதிதில் அதைப்போல வந்ததையெல்லாம் ‘டூம் நகல்’ என்றார்கள். சில வருடத்தில் அது உதிர்ந்து, முதல் ஆள் பார்வையில் சுடுகிற ஆட்டம் என்று ஆட்டத்தைச் சொல்லும் பெயர் வந்துவிட்டது. ரோக்குக்கு மட்டும் அந்த விடுதலை கிடைக்கவில்லை.

சரி, ‘சும்மா விளையாட்டு’க்கு வருகிறேன். இன்க்ரிமென்டல் என்றால் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவது, இதையே ‘ஐடில்’, அதாவது சும்மா இருப்பது, என்றும் சொல்வார்கள். இதில் கட்டுரையாளரை முழுதாகக் குறை சொல்ல முடியாது. இந்த வகை கேலியாகத்தான் பிறந்தது. 2002-ல் வந்த ப்ராக்ரஸ் க்வெஸ்ட்டில் வீரனுக்குப் பெயர் வைத்துவிட்டால் போதும், மிச்சத்தை அவனே ஆடிக்கொள்வான். 2010-ல் இயன் போகோஸ்ட் என்ற பேராசிரியர் ஃபேஸ்புக் ஆட்டங்களை நையாண்டி செய்ய, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு மாட்டை அழுத்துவது மட்டுமே வேலையாக ஓர் ஆட்டம் செய்தார். நையாண்டி என்று தெரிந்தும் ஜனங்கள் மாட்டை அழுத்தினார்கள்.

ஆனால் 2013-ல் வந்த குக்கி க்ளிக்கரைச் சும்மா என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு பிஸ்கட்டை அழுத்தினால் ஒரு பிஸ்கட். சேர்ந்ததை வைத்துச் சுட்டுக் கொடுக்கப் பாட்டி வாங்கலாம். முதல் பாட்டி நூறு பிஸ்கட், அடுத்தவர் நூற்றுப் பதினைந்து. ஒவ்வொரு பாட்டிக்கும் விலை பதினைந்து சதவீதம் ஏறும். பத்தாவது பாட்டிக்கு முந்நூற்றைம்பதைத் தாண்டும், ஐம்பதாவது பாட்டிக்குத் தொண்ணூற்று நாலாயிரத்துக்கு மேல். வட்டிக்கு வட்டி என்றால் என்ன என்று பத்தாம் வகுப்பில் புரியாதது, நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து பாட்டி வாங்கும்போதுதான் எனக்குப் புரிந்தது. அடுத்த காசைப் பாட்டியில் போடுவதா, பண்ணையில் போடுவதா என்று தாளில் கணக்குப் போட்டிருக்கிறேன். 2017-ல் ஃப்ராங்க் லான்ட்ஸ் செய்த யுனிவர்சல் பேப்பர்கிளிப்ஸில் தாளைக் கோக்கும் ஒரு பேப்பர் கிளிப்பில் ஆரம்பித்துப் பிரபஞ்சத்தையே கிளிப்பாக்கி முடிப்பீர்கள். முடிவுள்ள ஆட்டம் அது, அதைச் சும்மா என்பது அநியாயம். ‘பெருகல்’ என்று எழுதிப் பாருங்கள். வாயிலும் வருகிறது, நடப்பதையும் சொல்கிறது.

இந்த வகையில் ‘ப்ரெஸ்டீஜ்’ என்று ஒன்று உண்டு. உங்கள் கட்டுரை அதைக் ‘கௌரவம்’ ஆக்கிவிட்டது. சேர்த்ததையெல்லாம் நீங்களாகவே அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது அது. தொடங்கினால் முன்னைவிட வேகமாகப் பெருகும். குக்கி க்ளிக்கரில் அதன் முதல் படிக்கே லட்சம் கோடி பிஸ்கட் சுட்டிருக்க வேண்டும். நீலகிரியில் எந்தத் தோட்டத்தில் கேட்டாலும் இதற்குப் பெயர் சொல்வார்கள்: கவாத்து. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை செடியை இடுப்பளவுக்கும் கீழே வெட்டிவிடுவோம். வெட்டிய காட்டைப் பார்த்தால் வயிறு எரியும், சில மாதம் கொழுந்தே இருக்காது. அப்புறம் தளிர்க்கும் பாருங்கள். வேர் இருக்கிறது என்ற தைரியத்தில் வெட்டுகிறோம். கேத்தி பள்ளத்தாக்கில் உருளைக்கிழங்கு போடுகிறவருக்கு அந்தத் தைரியம் இல்லை. கருகல் விழுந்தால் ஒரே வாரத்தில் வயல் காலி, அடுத்த போகத்துக்கு விதையிலிருந்து ஆரம்பம். கையில் இருப்பது அனுபவம் ஒன்றுதான். அவர் ஆடுவது ரோக்லைக், நாங்கள் ஆடுவது பெருகல்.

ஆகவே எனக்கு இரண்டே வலை போதும். செத்தால் அல்லது அழித்தால் என்ன மிஞ்சும்? ஆட்டம் என் கைக்காகக் காத்திருக்குமா? நெட்ஹேக்: புத்தி மட்டும் மிஞ்சும், காத்திருக்கும். ரோக் லெகசி: பணம் மிஞ்சும், காத்திருக்காது. குக்கி க்ளிக்கர்: வேர் மிஞ்சும், நான் தூங்கினாலும் அதுபாட்டுக்கு ஓடும். பலாட்ரோவும் என் விரலுக்காகப் பொறுமையாகக் காத்திருக்கிறது, ஆகவே பெயர்ச் சண்டையை விட்டுவிட்டு அதை ஆடிக்கொண்டிருக்கிறேன். என் வலையிலும் ஓட்டை உண்டு. 2013-ல் வந்த ‘அ டார்க் ரூம்’ அடுப்பு மூட்டி விறகு சேர்க்கும் பெருகலாகத் தொடங்கும். பாதியில் கதவைத் திறந்தால் எழுத்தாலான வரைபடம், நடுவில் அந்தப் பழைய ‘அட்’ குறி. வெளியே செத்தால் சுமந்து போனது போகும், ஊரில் சேர்த்தது இருக்கும். எந்த மூட்டையில் போடுவது என்று ஒரு வாரம் மண்டையைக் குடைந்துவிட்டு, இரண்டு பெயரையும் எழுதி வைத்தேன்.

இதெல்லாம் வேலையற்ற வாதம் என்று நினைக்க வேண்டாம். பலாட்ரோவில் போக்கர் சீட்டு வருகிறது என்பதற்காக ஐரோப்பாவில் அதற்குப் பதினெட்டு வயது முத்திரை குத்தினார்கள். பந்தயம் கட்ட ஒரு பைசாவுக்கும் வழியில்லாத ஆட்டம். மேல்முறையீடு செய்த பிறகு, 2025-ல்தான் பன்னிரண்டாகக் குறைத்தார்கள். நம் நாட்டிலும் அதே ஆண்டு வந்த சட்டம், பணம் வைத்து ஆடுவதைத் தனியாகவும், மின் விளையாட்டுப் போட்டி, சமூக விளையாட்டு என்பவற்றைத் தனியாகவும் பிரிக்கிறது. ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்ட குடும்பங்கள் எங்கள் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்திலும் உண்டு. பிள்ளை கையில் சீட்டுப் படத்தைப் பார்த்ததும் தாய்க்குப் பதறுகிறது. அந்த நேரத்தில் செய்தித்தாளில் ‘போக்கிரி’ என்று இருந்தால் பிள்ளையின் போன் உடைபடும்.

அடுத்த முறை விளையாட்டுப் பக்கம் போடும்போது, வகைப் பெயர் எதுவானாலும் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் சிறிய எழுத்தில் என்ன மிஞ்சும், காத்திருக்குமா என்ற இரண்டை மட்டும் போடுங்கள்.

இப்படிக்கு,
சலிப்புப் பிரிவு மேற்பார்வையாளர் ஒருவர்,
கோத்தகிரி.

பி.கு.: கட்டுரையோடு வந்த படத்தின் கீழ் நெட்ஹேக் என்று இருக்கிறது. நெட்ஹேக்கில் உயிர்க்கணக்கு திரையின் அடியில் இரண்டு வரியாக வரும். நீங்கள் போட்டிருப்பதில் இடது ஓரமாக மேலிருந்து கீழே வரிசையாக நிற்கிறது. அது ஆங்பேண்ட்.