மச்சினன் கேட்கும் கையெழுத்து

செவ்வாய்ப்பேட்டை, சேலம்

அன்புள்ள சுந்தரம்,

ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்க ஆள் கிடைத்துவிட்டதாக எழுதியிருந்தாய். நிம்மதி. இங்கே எல்லாரும் நலம்.

கொலுசுப் பட்டறைக் கடனுக்கு மச்சினன் ஜாமீன் கேட்கிறான், முகத்தை முறிக்க மனசு வரவில்லை என்கிறாய். உன் தாட்சண்யம் எனக்குப் பிடித்த குணம். விசேஷத்துக்கு எந்தத் தேதி, எந்தச் சமையல்காரர் என்பதிலெல்லாம் தாராளமாக விட்டுக்கொடு. அது அன்றோடு முடிந்துவிடும். கையெழுத்து அப்படி முடியாது.

1872 ஒப்பந்தச் சட்டம் 128-வது பிரிவுப்படி, பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, கடன் வாங்கினவனுக்கு உள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. பேங்க் அவனை விட்டுவிட்டு நேரே உன்மேல் வழக்குப் போடலாம். அவன் தவணை தவறினால் உன் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலும் ஏறும். நாளைக்குத் தோட்டத்துக்கு நீ கடன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும்.

முதலில் எந்த வகைக் கடன் என்று கேள். தவணைக் கடன் என்றால் கட்டக் கட்டக் குறையும். ஓ.டி., அதாவது வேண்டும்போது எடுத்துக் கட்டிக்கொள்ளும் ஓவர்டிராப்ட் என்றால் கவனம். வெள்ளி வாங்கக் காசு வேண்டும், கொலுசு போன இடத்திலிருந்து பணம் வர நாளாகும். அதனால் அந்தக் கணக்கு தீராமல் வருஷா வருஷம் புதுப்பித்துக்கொண்டே போகும். 130-வது பிரிவுப்படி, இனி எடுக்கும் பணத்துக்கு நான் பொறுப்பில்லை என்று பேங்குக்கு நோட்டீஸ் கொடுக்கலாம்தான். ஆனால் அந்த உரிமையை நீ விட்டுக்கொடுப்பதாக அச்சடித்த பத்திரத்திலேயே ஒரு வரி இருக்கக்கூடும். நீ பொறுப்பேற்கும் உச்சத் தொகையை எண்ணிலும் எழுத்திலும் போடச் சொல். இன்னொரு ஜாமீன்தாரர் இருந்தால் பாதிப் பாதி என்று நினைக்காதே. பேங்க் மொத்தத்தையும் உன்னிடமே வசூலிக்கலாம், அவர் பங்கை அவரிடம் வாங்குவது உன் பாடு. ஸ்டாம்பு ஒட்டிய வெற்றுப் புரோநோட்டில் மட்டும் யாருக்காகவும் கையெழுத்துப் போடாதே.

முடியாது என்றால் இந்த வாரமே சொல்லிவிடு. நீ ‘பார்க்கலாம்’ என்றால் அவன் சரி என்றே எடுத்துக்கொண்டு வேறு ஆள் தேடமாட்டான். பத்து நாள் கழித்து நீ சொல்லும் ‘இல்லை’தான் உறவைக் கெடுக்கும். உன் வீட்டுக்காரியிடம் சொல்லி அனுப்பாதே, தன் தம்பிக்கும் உனக்கும் நடுவில் அவள் மாட்டிக்கொள்வாள். ஒரே காரணம் சொல். மூன்று சொன்னால் மூன்றுக்கும் அவன் வழி கொண்டுவருவான். கூடவே, திரும்பி வராவிட்டாலும் உன்னால் தாங்க முடிகிற தொகை ஒன்றை அவன் கையில் கொடு.

ஞாயிறு கீழே இறங்கினால் பத்திர நகலைக் கொண்டு வா. வரிவரியாகச் சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
ராஜு