மணிக்கும் ஒரு பிடி பிட்டு

ஆசிரியர் அவர்கட்கு,

2022ஆம் ஆண்டு மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டினால் படகெடுத்துக் கடற்றொழிலுக்குப் போக இயலாமல் கடனில் விழுந்து, இன்னும் எழும்பாத குருநகர்க் குடும்பமொன்றின் அயலவள் நான். அவ்வீட்டுச் சிறுமி, கண்ணுக்குத் தெரியாத ‘மணி’ என்னும் தோழிக்கெனத் தன் கோப்பையின் ஓரத்தில் ஒரு பிடி பிட்டை ஒதுக்கிவைக்கிறாள்; “மணிக்கு இன்னும் பசிக்குதாம், அம்மா” என்று அவள் சொல்லும்போது அது யாருடைய பசி என்பது தாய்க்குத் தெரியும்.

பேய் பிடித்திருக்கிறது, நூல் கட்டுங்கள் என்கின்றனர் உறவினர்; பொய் சொல்லாதே என்று அதட்டுகிறார் வகுப்பாசிரியை. இரண்டும் தவறு. கற்பனைத் தோழமை சிறுபராயத்தில் இயல்பானது, நோயன்று. பாடசாலை செல்லத் தொடங்கிய பின்னும் பல பிள்ளைகளிடம் நீடிப்பதுண்டு. இதனை ஆசிரியர்களுக்கு எடுத்துரைக்குமாறும், இத்தகைய வீடுகளின் அடுப்பை நேரில் வந்து பார்க்குமாறும் அதிகாரிகளை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

வாசகி,
குருநகர், யாழ்ப்பாணம்.