காரிமங்கலம் பஞ்சர் கடை அண்ணனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். ஓசூர் வழியாகக் கன்னியாகுமரிக்குச் சைக்கிள் மிதிக்கிறவர்கள் பெரும்பாலும் உங்கள் கடையைத் தாண்டித்தான் தெற்கே போகிறார்கள். இருபக்கமும் பை கட்டிய சைக்கிள் ஒன்று கடை முன்னால் நின்றால், பின்சக்கரத்தில் காற்று இல்லை என்று அர்த்தம். லாரி டயரும் பைக் டியூபும் உங்களுக்கு அத்துப்படி. இந்தச் சைக்கிள் மட்டும் வேறு ரகம். நல்ல மனசோடு செய்கிற உதவியே இதில் டியூபை வெடிக்க வைத்துவிடும் என்பதால்தான் இந்தக் கடிதம்.

முதலில் வால்வைப் பாருங்கள். பைக்கில் இருப்பதுபோல் தடியாக இருந்தால் கவலையில்லை. பென்சிலைவிட ஒல்லியாக, உச்சியில் குட்டித் திருகு ஒன்றோடு இருந்தால் அது ப்ரெஸ்டா வால்வு. அந்தத் திருகைத் தளர்த்தி, ஒருமுறை லேசாக அழுத்திவிட்டுத்தான் காற்றடிக்க வேண்டும். உங்கள் ஹோஸ் இதில் நேராக உட்காராது. மேலே பொருத்தப் பித்தளையில் ஒரு அடாப்டர் உண்டு, சைக்கிள்காரர் பையிலேயே வைத்திருப்பார், கேளுங்கள். ஹோஸை மாட்டிக்கொண்டு ஆட்டினால் உள்ளே இருக்கும் ஊசி வளைந்துவிடும், அதோடு அந்த டியூப் குப்பைதான்.

கம்ப்ரசர் டேங்கில் காற்றழுத்தம் நூறு பி.எஸ்.ஐ.க்கு மேல் நிற்கும். இந்த டியூபுக்குள் போகும் காற்று மிகக் குறைவு, இரண்டு விநாடி அதிகமானாலே டயர் ரிம்மை விட்டுக் கழன்று டியூப் வெடிக்கும். எவ்வளவு அடிக்கலாம் என்பது டயர் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். ஒன்றரை அங்குல அகல டயருக்குச் சுமையோடு ஐம்பது அறுபது போதும், இரண்டு அங்குலத்துக்கு நாற்பதை ஒட்டி. விட்டுவிட்டு அடித்து, நடுநடுவே கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள். அவரிடமே கைப்பம்பு இருந்தால் இன்னும் நல்லது.

ஒட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைதான் முக்கியமானது. வெடித்த லாரி டயரிலிருந்து மயிரிழை போன்ற கம்பிகள் ரோட்டோரம் சிதறிக் கிடக்கின்றன, சைக்கிள் ஓடுவதும் அந்த ஓரத்தில்தான். டயரின் வெளியே அது கண்ணுக்குத் தெரியாது. உள்பக்கமாகப் பழந்துணியைச் சுற்றித் தேய்த்தால் எங்காவது நூல் சிக்கும், அங்கே குறடு வைத்து இழுங்கள். இதை விட்டுவிட்டு டியூபை மட்டும் ஒட்டி அனுப்பினால், தருமபுரி போய்ச் சேர்வதற்குள் மறுபடி பஞ்சர். டியூபை டயர் மேல் வால்வுக்கு நேராக வைத்துப் பார்த்தால் ஓட்டை எந்த இடம் என்று தெரிந்துவிடும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் முள்ளைத் தேட வேண்டாம், காற்று குறைந்து பள்ளத்தில் அடிபட்டது அது. ஓட்டை ரிம் பக்கம் இருந்தால், ஸ்போக் தலைகளை மூடியிருக்கும் ரிம் டேப் நகர்ந்து ஸ்போக் தலை குத்துகிறது. டேப்பைச் சரிசெய்யாமல் ஒட்டிப் பயனில்லை.

டியூப் மெல்லியது. அரத்தால் பலமாகச் சுரண்டாதீர்கள், உப்புத்தாள் போதும். சூடுவைத்து ஒட்டும் ஹாட் பேட்ச் வேண்டாம், சொல்யூஷன் தடவி ஐந்து நிமிடம் காயவிட்டு ஒட்டினால் நிற்கும். கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் டியூப் ஒன்று இப்போது வருகிறது. அதில் நம் சொல்யூஷன் பிடிக்காது, சூடு பட்டால் உருகும். அதைச் சுருட்டி அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். டயரைக் கழற்ற இரும்பு லீவர் போட்டால் அலுமினிய ரிம் நசுங்கும். வால்வுக்கு எதிர்ப்புறத்து டயர் விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளிவிட்டால் பாதி வேலை கையாலேயே முடியும்.

மாற்று டியூப் இல்லையென்றால், டயரில் 700 என்று போட்டிருக்கும் சக்கரத்துக்கு நம் ஊர் 28 சைஸ் டியூப் ஆபத்துக்கு உள்ளே உட்காரும், 28 டயர் மட்டும் அந்த ரிம்மில் ஏறாது. ஆனால் ஒல்லி வால்வுக்குப் போட்ட துளையில் நம் டியூபின் தடி வால்வு நுழையாது. டிரில்லை எடுப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், ஒருமுறை பெரிதாக்கிய துளை பெரிதாக்கியதுதான். டிஸ்க் பிரேக் வண்டியென்றால் எண்ணெய்க் கையோடு டிஸ்க்கைத் தொடாதீர்கள். சக்கரம் கழன்றிருக்கும்போது பிரேக்கை யாரும் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பிறகு சக்கரம் ஏறாது.

சக்கரம் சரியான பிறகு "சேலம் எவ்வளவு தூரம்?" என்பார். "பக்கம்தான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். பைக்கில் பத்து நிமிடம் இவருக்கு ஒரு மணி நேரமாகலாம். மேடா, இறக்கமா என்பதுதான் அவருக்கு வேண்டும். தொப்பூர்க் கணவாயை வெளிச்சத்திலேயே இறங்கச் சொல்லுங்கள். அங்கே பிரேக் பிடிக்காத லாரி பின்னால் வரும் பயம் எப்போதும் உண்டு. சைக்கிள்காரர் பிரேக்கை விடாமல் அமுக்கிக்கொண்டே போனால் ரிம் கொதித்து டியூப் போகும். பிடித்துப் பிடித்து விட வேண்டும், நடுவில் நின்று ஆறவிட வேண்டும். அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் போகிறேன் என்றால் யானைக் காடு என்று சொல்லி, பொழுது சாய்ந்தபின் போகவிடாதீர்கள்.

பாட்டிலை நிரப்பும்போது போர் தண்ணீர் வேண்டாம், ஒகேனக்கல் குழாய்த் தண்ணீராகக் கொடுங்கள். நம் நிலத்தடி நீரில் இருக்கும் ஃபுளோரைடு காய்ச்சினாலும் போகாது. ஒருநாள் குடித்தால் ஒன்றும் ஆகிவிடாதுதான், ஆனாலும் நல்ல தண்ணீர் இருக்கும்போது அதைக் கொடுக்கலாமே. வெயில் நாளில் கூடவே ஒரு சிட்டிகை உப்பு போட்ட மோர் கிடைத்தால் அவர் கும்பிடுவார்.

கூலியை வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் வழக்கமான ரேட்டே. வாங்க மனசில்லையென்றால் டீ ஒன்று அவரை வாங்கச் சொல்லி இருவருமாகக் குடியுங்கள். இருட்டிவிட்டால் அவர் இரவு தங்க, கழிப்பறையும் காவலும் இருக்கிற பெட்ரோல் பங்க்காகப் பார்த்துப் பேசி விடுங்கள். பெண்ணாக இருந்தால் அண்ணியிடம் ஒரு வார்த்தை சொல்லி, பெண்கள் இருக்கும் வீட்டில் கேட்கச் சொல்லுங்கள். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் மறுநாள்தான் போடுங்கள். இன்றிரவு அவர் எங்கே படுத்திருக்கிறார் என்பது ஊருக்கெல்லாம் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
சைக்கிள்காரன் ஒருவன்