முதியோர் குடியிருப்பில் இரவு விழித்திருப்பவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோர் குடியிருப்புகளைப் பற்றிய விளம்பரங்களில் நடைபாதை, நூலகம், தியான மண்டபம் எல்லாம் விரிவாக இடம்பெறுகின்றன. ‘24 மணி நேர மருத்துவ வசதி’ என்பது மட்டும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. மருத்துவமனையிலும், பின்னர் இத்தகைய குடியிருப்பு ஒன்றின் பராமரிப்புப் பிரிவிலும் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில், அந்த ஒரு வரிக்குள் என்னென்ன அடங்கியிருக்க வேண்டும் என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

குடிபுகும் நாளில் பெரும்பாலோர் நல்ல நடமாட்டத்துடன் இருப்பதால், வீட்டின் காற்றோட்டத்தையும் பக்கத்து வீட்டாரையும் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். ஒரு வீழ்ச்சி, ஒரு பக்கவாதம், மெல்லக் கூடிவரும் மறதி என ஏதேனும் ஒன்று வந்த பிறகுதான் செவிலியர் பராமரிப்பின் தரம் தெரியவருகிறது. அப்போது வேறிடம் தேடும் தெம்பு அவர்களுக்கும் இருப்பதில்லை, குடும்பத்துக்கும் இருப்பதில்லை.

படுத்த படுக்கையாகிவிட்ட ஒருவரை ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் நடைமுறை. படுக்கை விரிப்பில் தோல் உராயாமல் அவரைத் தூக்கித் திருப்புவதற்கு இருவர் தேவை. திருப்பும்போதெல்லாம் குதிகால், இடுப்பு எலும்பு, முதுகின் அடிப்பகுதி ஆகியவற்றை விளக்கொளியில் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு கணம் வெளுக்க வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று பொருள். ஒரே இரவின் கவனக்குறைவில் தொடங்கும் புண் ஆற மாதக்கணக்கில் ஆகலாம். பராமரிப்புப் பிரிவுக்கும் தனி வீடுகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு செவிலியரை இரவுப் பணியில் வைத்திருக்கும் இடத்தில், ஏதோ ஒரு வீட்டிலிருந்து அவசர அழைப்பு வந்து அவர் ஓடினால், இங்கே படுத்திருப்பவர்களைத் திருப்ப யார் இருக்கிறார்கள்?

உணவூட்டுவதும் அப்படித்தான். பக்கவாதத்தால் விழுங்கும் திறன் குறைந்தவரை நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு கரண்டியால் ஊட்டி, தொண்டை அசைந்து விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் உணவு மூச்சுக்குழாய்க்குள் சென்று நிமோனியாவில் முடியலாம். ஒருவருக்கே அரை மணி நேரம் பிடிக்கும் இந்த வேலையில், ஓர் உதவியாளரிடம் ஆறேழு பேரை ஒப்படைத்துவிட்டுப் பொறுமையை எதிர்பார்ப்பது அநியாயம். முதியோர் பராமரிப்பு நிறுவனங்களின் ஊழியர்களில் மூவரில் இருவர், முந்தைய ஓராண்டில் முதியவர்களை ஏதேனும் ஒரு வகையில் துன்புறுத்தியதாகத் தாங்களே ஒப்புக்கொண்டிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் தெரிவிக்கிறது. அவர்கள் எல்லோரும் கொடியவர்கள் என்று நான் நம்பவில்லை. ஆள் குறைவும் தூக்கமின்மையும் பயிற்சியின்மையும் நல்லவர்களையும் கடுகடுக்க வைப்பதை நேரில் கண்டிருக்கிறேன். கண்காணிப்புக் கேமராவை மட்டும் பொருத்திவிட்டு இதைத் தீர்த்துவிட முடியாது.

இன்னொன்று, குடியிருப்பிலுள்ள தம் தனி வீட்டிலிருந்து ஒருவரைப் பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றும் முடிவு. குளித்தல், உடுத்துதல், கழிப்பறை செல்லுதல், படுக்கையிலிருந்து எழுந்து அமர்தல், சிறுநீர் மலத்தை அடக்குதல், உண்ணுதல் ஆகிய ஆறு செயல்களில் எவற்றுக்குத் துணை தேவை என்று பார்க்கும் அளவுகோலை மருத்துவர் சிட்னி காட்ஸ் குழுவினர் 1963-இலேயே வெளியிட்டுள்ளனர். இத்தகைய மதிப்பீடு எதுவுமின்றி, நிர்வாகத்தின் வசதியை ஒட்டியே மாற்றம் நிகழ்வதுண்டு. இடுப்பெலும்பு முறிந்தவர்களில் பலர் முறையான இயன்முறைப் பயிற்சியால் மீண்டும் நடக்கிறார்கள். அவர்கள் தம் வீட்டுக்குத் திரும்ப வழி இருக்க வேண்டும். முடிவை யார் எடுப்பது, வெளி மருத்துவர் ஒருவரின் கருத்தைக் கேட்கலாமா, எத்தனை நாள் வரை வீடு காலியாக வைக்கப்படும், தம்பதியரில் ஒருவர் மட்டும் மாறினால் கட்டணம் எப்படிக் கணக்கிடப்படும் என்பவை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வாய்வார்த்தையாகச் சொல்லப்படும் உறுதிமொழி, சொன்ன மேலாளர் வேலை மாறிச் செல்லும் நாளோடு போய்விடுகிறது.

ஆகவே, இடம் பார்க்கச் செல்பவர்கள் முன்கூட்டியே அனுமதி பெற்று இரவு 10 மணிக்கு மேல் ஒருமுறை பராமரிப்புப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்; பணியில் இருப்பவர்களில் பயிற்சி பெற்ற செவிலியர் எத்தனை பேர், உதவியாளர் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும்; நோயாளிகளின் பெயரை மறைத்தாவது, பக்கம் மாற்றிய நேரத்தைக் குறிக்கும் பதிவேடு எப்படி எழுதப்படுகிறது என்று காட்டச் சொல்ல வேண்டும். காலை 6 மணிக்கு ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இரவு முழுவதற்குமான கட்டங்கள் நிரப்பப்படும் பழக்கம் சில இடங்களில் உண்டு என்பதால் இதைச் சொல்கிறேன். முதியோர் குடியிருப்பு விளம்பரங்களை வெளியிடும்போது, இரவுப் பணியில் உள்ள செவிலியர்களின் எண்ணிக்கையையும் குறிப்பிடுமாறு விளம்பரதாரர்களைத் தங்கள் நாளிதழ் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்