பொடிக்குப் பணம் கட்டும் முன்

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பிய ஆடியோவை இரண்டு முறை கேட்டேன். முப்பது வயதுக்கு மேல் மெட்டபாலிசம், அதாவது உடம்பு சக்தியைச் செலவழிக்கும் வேகம், இறங்கிவிடும், அதனால்தான் தொப்பை விழுந்தது என்கிறாய். பட்டினி கிடந்தால் அது இன்னும் இறங்கும், அதனால் சாப்பாட்டைக் குறைத்துப் பயனில்லை, ஆகவே உன் ரூம்காரர் விற்கிற எடை குறைக்கும் பொடிதான் வழி என்கிறாய். ஒவ்வொரு ‘அதனால்’ இருக்கும் இடத்திலும் சொல்லாமல் விட்ட ஒரு பேச்சு இருக்கிறது. அதை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலாவது, வயதைத் தவிர உன் வாழ்க்கையில் வேறு எதுவும் மாறவில்லை என்று உன் பேச்சு எடுத்துக்கொள்கிறது. ஷார்ஜா போகும் முன் அப்பாவோடு படகேறி வலை இழுத்தவன் நீ. இப்போது பகல் முழுக்க நாற்காலி, ராத்திரி பதினொரு மணிக்குப் பரோட்டா. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கரையோரம் கட்டிக் கிடக்கும்போது நம் தெரு ஆட்களுக்கு இடுப்பு பெருக்கிறதே, அந்த இரண்டு மாதத்தில் அவர்களுக்கு என்ன வயதா கூடிப்போனது? சின்னப்பாலத்தில் ஐம்பது தாண்டியும் கடலில் முங்கிப் பாசி எடுக்கிற அக்காமாரைப் பார். அவர்களும் முப்பதைக் கடந்தவர்கள்தான்.

அந்த முப்பது வயதுக் கணக்கே நிற்காது. 29 நாடுகளில் 6,400 பேருக்கு மேல் அளந்து 2021இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு ஆய்வு வந்தது. உடம்பின் அளவையும் தசையையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வரை உடம்பு செலவழிக்கும் சக்தி ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் மெல்ல இறங்குகிறது.

இரண்டாவது ‘அதனால்’தான் எனக்கு முக்கியம். சாப்பாட்டைக் குறைத்தால் மெட்டபாலிசம் இறங்கும் என்பது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இறக்கம் குறைத்த சாப்பாட்டையே ஈடுகட்டிவிடும் அளவுக்குப் பெரியது என்று நீ சொல்லாமலே சேர்த்துக்கொள்கிறாய். 1945இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார். சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு செலவழிக்கும் சக்தி நாற்பது சதவீதம் போல இறங்கியது. எடையும் கால் பங்கு போனது. இரண்டும் சேர்ந்தே நடந்தது, தம்பி.

டிவி போட்டியில் எடை குறைத்தவர்கள் கதையையும் சொன்னாய். 2016இல் கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு வெளியிட்ட ஆய்வு அது. 14 பேர், 30 வாரத்தில் சராசரி 58 கிலோ குறைத்தவர்கள். ஆறு வருடம் கழித்தும் அவர்கள் உடம்பு எதிர்பார்த்ததைவிட நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே செலவழித்தது. 41 கிலோ திரும்பி வந்தது. அத்தனை வேகத்தில் அத்தனை எடையை இறக்கியவர்களுக்கு நடந்தது, ஐந்தாறு கிலோவை நிதானமாகக் குறைக்கப் பார்க்கிற உனக்கும் அப்படியே நடக்கும் என்று யார் சொன்னது? இன்னொன்று, அவர்கள்கூட ஆறு வருடம் கழித்துச் சராசரியாகப் பழைய எடைக்குக் கீழேதான் இருந்தார்கள்.

பொடி விஷயத்துக்கு வருகிறேன். முதல் வாரமே மூன்று கிலோ இறங்கியது என்கிறார் ரூம்காரர். அந்த மூன்று கிலோவும் கொழுப்பு என்பதுதான் அவர் சொல்லாத பேச்சு. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி ஆக வேண்டும். மூன்று கிலோவுக்கு 23,000க்கு மேல். உன்னைப் போல உட்கார்ந்து வேலை செய்கிற ஆண் ஒருவர் நாளுக்கு 2,500 செலவழித்தால் வாரத்துக்கு 17,500. பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துக் கிடந்தாலும் கணக்கு எட்டாது. சோற்றைக் குறைத்ததும் உடம்பில் சேமித்த மாவுச்சத்தும் அதோடு இருந்த தண்ணீரும் போயிருக்கும். பழையபடி சாப்பிட்டால் திரும்ப ஏறிவிடும்.

‘வாயைக் கட்டினால் தானாகக் குறையும், எல்லாம் சோம்பேறித்தனம்’ என்று அப்பா போனில் சொன்னது உனக்கு வலித்திருக்கும். அவர் பேச்சிலும் இதே ஓட்டை இருக்கிறது. சாப்பாடு குறைந்தாலும் உடம்பின் செலவு மாறாது, பசி எல்லாருக்கும் ஒரே அளவு என்று அவர் நினைத்துக்கொள்கிறார். மின்னசோட்டா இளைஞர்கள் சாப்பாட்டு நினைப்பிலேயே கிடந்தார்கள், சமையல் புத்தகம் படித்தார்கள். அதெல்லாம் சோம்பேறித்தனமா? மூன்றாம் மாதம் எடை இறங்காமல் நின்றுவிட்டால் உன்னை நீயே திட்டிக்கொள்ளாதே. உடம்பு சிறுத்ததால் செலவும் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

நர்ஸ் வேலையில் இருந்தபோது தைராய்டு சுரப்பு குறைந்து எடை ஏறியவர்களையும் பார்த்திருக்கிறேன். சோர்வும் மலச்சிக்கலும் இருக்கிறது என்றாயே, அதனால் தைராய்டுக்கான டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துகொள். இடுப்பையும் டேப் வைத்து அள. நம் ஊர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர்தான் வரம்பு. வெள்ளிக்கிழமை லீவில் லேபுக்குப் போய்விட்டு ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. அதுவரை ரூம்காரருக்குப் பணம் கொடுக்காதே.

அன்புடன்,
அம்மா