பத்து நிமிடப் பள்ளம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் வந்த சுவீடன் பயணக் கட்டுரையில், 'ஃபாலுனில் இருப்பது ஒரு பெரிய பள்ளம்தான், பத்து நிமிடம் போதும்' என்று ஒரு வரி. முப்பது வருடமாக உங்கள் இதழை வாங்குகிறவள் நான். அந்த வரியைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அந்தப் பள்ளம் 1687இல் அங்கிருந்த செம்புச் சுரங்கம் சரிந்து உண்டானது. நடுக்கோடைத் திருநாள் விடுமுறை என்பதால் உள்ளே யாரும் இல்லை, ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஐரோப்பாவின் செம்பில் மூன்றில் இரண்டு பங்கு அங்கிருந்து போன காலம் உண்டு. கட்டுரையாளர் ஒரு பத்தி முழுக்க ரசித்திருக்கும் சிவப்பு வீடுகளுக்கு அந்தச் சாயத்தைக் கொடுத்ததும் அதே சுரங்கத்து மண்தான்.

போன ஜூனில் ஒரு குழுவோடு நானும் அங்கே போனேன். 1677இல் காணாமல் போன ஒரு தொழிலாளியைப் பற்றி வழிகாட்டிப் பெண் சொன்னார். 42 வருடம் கழித்துத் தண்ணீர் தேங்கிய குடைவில் உடல் கெடாமல் கிடைத்ததாம். யாருக்கும் ஆள் தெரியவில்லை. அவனுக்கு நிச்சயித்திருந்த பெண், கிழவியாகிவிட்டவள், வந்து பார்த்து இவன்தான் என்றாளாம். நான் அழுதுவிட்டேன். என் அப்பா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை செய்தவர். கீழே பாறை வெடித்தால் எங்கள் லைன் வீட்டுப் பாத்திரங்கள் அதிரும். அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டுச் சுரங்க வாசலுக்கு ஓடுவாள். அங்கே நின்ற பெண்களின் முகங்களை நான் மறக்கவில்லை.

எங்கள் குழுவை அழைத்துப் போனவரும் கடிகாரத்தைத்தான் காட்டினார். மேலே வந்ததும் அருங்காட்சியகத்துக்குள் கால் வைக்க விடவில்லை. ஸ்டாக்ஹோம் கடைத்தெருவுக்கு மட்டும் மூன்று மணி நேரம்! எங்கள் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது 2001 பிப்ரவரியில். அதே வருடம்தான் ஃபாலுன் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அவர்கள் காப்பாற்றி வைத்தார்கள். இங்கே தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய சயனைடு மண்மேடுகள்தான் மிச்சம். எங்கள் ஊரைப் பற்றி நீங்கள் முன்பு போட்ட கட்டுரையிலும் பாதி சினிமாதான். அப்போது எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை, சரி, அது போகட்டும்.

ஆனால் அந்தச் சுவீடன் கட்டுரையில் மோர்பக்கா என்ற வீட்டின் படத்தின் கீழ் 'நோபல் பிறந்த வீடு' என்று அச்சிட்டிருக்கிறீர்களே, ஐயா! ஆல்ஃபிரட் நோபல் பிறந்தது ஸ்டாக்ஹோமில். மோர்பக்கா சுவீடன் எழுத்தாளர் செல்மா லாகர்லெவின் வீடு. 1909இல் இலக்கிய நோபல் பெற்ற முதல் பெண் அவர். கைவிட்டுப் போன அந்தப் பூர்வீக வீட்டை 1907இல் திரும்ப வாங்கி, பரிசுப் பணத்தில் நிலத்தையும் மீட்டவர். ஃபாலுனிலும் பல வருடம் வாழ்ந்திருக்கிறார். க.நா.சு. தமிழாக்கிய 'மதகுரு' நாவல் அவர் எழுதியதுதான். அதில் வரும் இரும்புப் பட்டறைகளைப் பள்ளிப் பருவத்தில் படித்தபோது, இது நம் ஊர்க் கதை போலிருக்கிறதே என்று நினைத்தவள் நான். தமிழ்ப் பத்திரிகையில் அவர் வீட்டையே இன்னொருவர் பெயரில் பார்க்கும்போது மனசு தாங்கவில்லை.

அடுத்த இதழில் அந்தப் படக்குறிப்பையாவது திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சுரங்கத் தொழிலாளியின் மகள்,
கோலார் தங்கவயல்.